அவன் நிழல் விழாது: வாசகர் கருத்துகள்

ஏப்ரல் 23

இந்த நோட்டை எடுத்தவர் யாராக இருந்தாலும் உங்களைக் கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன், இதை யாரிடமும் காட்டாதீர்கள். அப்பாவிடம் வேண்டாம். வேலு மாமாவிடம் வேண்டவே வேண்டாம். அம்மாவிடமும் வேண்டாம். அவள் படித்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் அடுப்படிக்குப் போய்விடுவாள், அது இன்னும் மோசம்.

வெளியே பார்த்தால் இது அறிவியல் செய்முறை நோட்டு. முன்பாதியில் செம்பருத்திப் பூவின் குறுக்குவெட்டும் டீச்சரின் சிவப்புக் கையெழுத்தும் இருக்கும். பின்பாதி காலி. பரீட்சை முடிந்துவிட்டதால் இனி யாரும் திறக்க மாட்டார்கள் என்று இதை எடுத்துக்கொண்டேன்.

என் பெயர் சுபிக்ஷா. பத்தாவது எழுதியிருக்கிறேன். திருச்செங்கோட்டிலிருந்து கொஞ்சம் தள்ளி எங்கள் வீடு. இங்கே பாதி வீட்டு ஆண்கள் ரிக் வண்டிக்குப் போகிறவர்கள். போர் போடுகிற அந்த லாரி ஆந்திரா, சத்தீஸ்கர் என்று மாதக்கணக்கில் சுற்றும். வேலு மாமா அம்மாவின் தம்பி. முழுப்பெயர் செங்கோட்டுவேல். சொந்தமாக ஒரு வண்டி வைத்திருக்கிறார். அப்பா அதில் டிரில்லர். அதனால் என் அறையில் பாதி இடம் வண்டிச் சாமானுக்கு. தேய்ந்துபோன பிட்டுகளை, அதாவது பாறையைக் குடையும் இரும்புத் தலைகளை, சுவரோரம் அடுக்கி வைத்திருக்கிறார்கள். ஒவ்வொன்றின் முகத்திலும் பல் பல்லாகக் குமிழ்கள். தூக்குவதற்கு இரண்டு பேர் வேண்டும். இந்த நோட்டு அவற்றுக்குப் பின்னால்தான் இருக்கும்.

எனக்கு நாலாயிரம் பேர் இருக்கிறார்கள். ஆனால் அவர்களில் ஒருவரிடமும் உண்மையைச் சொல்ல முடியாது. அதற்குத்தான் இந்த நோட்டு.

ஏப்ரல் 24

நாலாயிரம் பேர் என்று எழுதியது பொய் இல்லை. கதை எழுதுகிற ஒரு செயலியில் ‘கருநிலா’ என்ற பெயரில் நான் தொடர்கதை எழுதுகிறேன். கதையின் பெயர் ‘அவன் நிழல் விழாது’. தீபாவளிக்கு மாமா எனக்கு ஒரு போன் வாங்கித் தந்தார். அம்மா தன் போனில் இருந்த அதே ஜிமெயிலைப் போட்டு அதைத் திறந்து கொடுத்தாள். அரையாண்டு விடுமுறையில் எழுதத் தொடங்கினேன்.

கதை ஒரு ரத்தக்காட்டேரியைப் பற்றியது. பெயர் ருத்ரன். தண்ணீர் வராமல் கைவிட்ட ஒரு போர்க்குழிக்குள் பகலெல்லாம் தூங்குவான். இருட்டியதும் ஆதிரையின் வீட்டு வாசலில் வந்து நிற்பான். ஆதிரை பள்ளிக்கூடம் போகிற பெண். அவனுக்கு ஒரே ஒரு கட்டு உண்டு. வீட்டில் இருப்பவர் வாய் திறந்து ‘வாங்க’ என்று சொன்னால்தான் வாசல்படியைத் தாண்ட முடியும். அதனால் தட்டிவிட்டுக் காத்திருப்பான். கோபப்பட மாட்டான். சிரித்துக்கொண்டே காத்திருப்பான்.

நான் பயமுறுத்தத்தான் எழுதினேன். வாசகர் கருத்துகளில் சில:

‘ருத்ரன் செம. ஆதிரை ரொம்ப ஓவரா பண்றா.’ எழுதியவர் வவ்வால் ராணி.

‘எவ்வளவு அன்பு இருந்தால் ஒருவன் இப்படிப் பொறுமையாகக் காத்திருப்பான். சீக்கிரம் சேர்த்துவையுங்கள்.’

‘பதினேழு அத்தியாயம் முடியறதுக்குள்ள கல்யாணம் வேணும். இல்லன்னா ஒரே ஒரு நட்சத்திரம்தான்.’

ஒருவர்கூட, ஒரே ஒருவர்கூட, பயமாக இருந்தது என்று எழுதவில்லை.

ஏப்ரல் 26

வண்டி பழுது பார்க்கப் பட்டறையில் நிற்பதால் அப்பாவும் மாமாவும் ஊரில் இருக்கிறார்கள். இன்று மதியம் மாமா வந்தார். பட்டறையிலிருந்து நேராக வந்ததால் தலைமுதல் கால்வரை வெள்ளைப் பாறைத்தூள். புருவம்கூட வெள்ளை. கண்கள் மட்டும் சிவப்பு.

கதவு திறந்துதான் இருந்தது. ஆனாலும் மோதிர விரலால் மூன்று தடவை தட்டினார். நான் வயதுக்கு வந்து எனக்குச் சீர் செய்தபோது பச்சை ஓலை கட்டியது அவர்தான். அன்றிலிருந்து இப்படித்தான். அம்மா வா என்றாலும் வர மாட்டார், அப்பா கூப்பிட்டாலும் வர மாட்டார். “பாப்பா கூப்புட்டாத்தான் வருவேன்” என்று சிரித்துக்கொண்டே நிற்பார். எல்லோரும் சிரிப்பார்கள். நான் “வாங்க மாமா” என்று சொன்னதும் வலது காலை எடுத்து உள்ளே வைப்பார்.

இன்றும் சொன்னேன்.

சாப்பிட்ட பிறகு அப்பாவும் மாமாவும் முன் அறையில் பேசியது எனக்குக் கேட்டது. மாமாவுக்கு இருபத்தொன்பது முடிகிறது. பார்த்த இடமெல்லாம் தட்டிப்போய்விட்டது. வருஷத்தில் பதினோரு மாதம் வெளியூரில் கிடக்கிற ஆளுக்கு யாரும் பெண் தருவதில்லையாம். இதெல்லாம் எனக்கு முன்பே தெரியும்.

தெரியாதது, அதற்குப் பிறகு அப்பா சொன்னது. “மொறைப் பொண்ண ஊட்ல வெச்சுட்டு ஊரெல்லாம் எதுக்கு மாப்ள தேடோணும்.”

மே 22 வெள்ளிக்கிழமை உப்புச் சக்கரை மாற்றுவது. எங்கள் பக்கம் அதுதான் நிச்சயம். வைகாசி கடைசியில் கோயிலில் வைத்துக் கல்யாணம், வெளியே சொல்லாமல். பள்ளிக்கூடம் இத்தோடு போதும்.

அம்மா என்ன சொல்கிறாள் என்று மூச்சை அடக்கிக் கேட்டேன். பாத்திரம் கழுவுகிற சத்தம் மட்டும்தான் வந்தது.

ஏப்ரல் 27

இன்று வடகத்துக்குக் கூழ் கிண்டினோம். மொட்டை மாடியில் பழைய புடவை விரித்து அம்மா பிழிந்தாள், நான் காக்கா ஓட்டினேன். நேற்று நடந்ததைப் பற்றி அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. “வெயில்ல நிக்காத, கருத்துப் போயிருவே” என்றாள். கருத்தால் என்ன.

ஏப்ரல் 29

புது அத்தியாயம் போட்டேன். அதில் ருத்ரன் வாசலில் நிற்கிறான். ஆதிரை தன் அம்மாவைப் பார்க்கிறாள். அந்த அம்மா வாயே திறக்காமல் உள்ளே போய் டீ வைக்கிறாள். அடுப்பைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். அவ்வளவுதான்.

முந்நூற்றுக்கும் மேல் இதயக் குறி. ருத்ரனின் கண்களைப் பற்றி எல்லோரும் எழுதியிருக்கிறார்கள். ஒரு புதுப் பெயர் மட்டும் வேறு மாதிரி. ‘பவளமல்லி’ என்று போட்டிருக்கிறது, படம் இல்லை. அவர் எழுதியது:

‘அந்த அம்மாளை ஏன் கல்லாக எழுதியிருக்கிறாய்? அடுப்பைப் பார்த்து நின்றாள் என்று முடித்துவிட்டாய். அடுப்பைப் பார்த்து நிற்கிறவள் அடுப்பையா பார்க்கிறாள்?’

யாரோ வேலையில்லாத ஆன்ட்டி. ரத்தக்காட்டேரிக் கதையில் அம்மாவைப் பற்றி யாருக்கு என்ன.

மே 2

இன்று ஒரு கருத்தைப் படித்துவிட்டு வெகுநாளைக்குப் பிறகு சிரித்தேன். ‘மழைத்துளி’ என்பவர் எழுதியிருக்கிறார்: ‘வேம்பயர் தமிழ்நாட்டுக்கு வந்தால் நாம் எல்லோரும் முதல் நாளே காலி. வெளிநாட்டில் உள்ளே விடக் கூடாது என்று முடிவு செய்தால் சும்மா இருந்துவிடலாம். நம் ஊரில் வாசலில் யார் நின்றாலும், பகையாளியே நின்றாலும், வாங்க என்று சொல்லாமல் இருக்க முடியுமா? சொல்லவில்லை என்றால் அதற்கே மூன்று தலைமுறை பேச மாட்டார்கள்.’

அதன் கீழே எல்லோரும் சிரித்திருந்தார்கள். எனக்குச் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. நாளை ஞாயிற்றுக்கிழமை. மாமா வருவார்.

சொல்லாமல் இருந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரிய வேண்டும்.

மே 3

நான் சொல்லவில்லை.

மாமா தட்டினார். நான் கூடத்தில் நின்றேன், அவரைப் பார்த்தேன், வாயை மூடிக்கொண்டேன். முதலில் சிரித்தார். “என்ன பாப்பா, மறந்துட்டியா?” என்றார். பிறகு சிரிப்பு நின்றது, ஆனால் நகரவில்லை. நல்ல வெயில். எதிர்வீட்டில் எட்டிப் பார்த்தார்கள். அம்மா அடுப்படி நிலையில் வந்து நின்று “வா வேலு” என்றாள். அவர் அவளைப் பார்க்கவே இல்லை. “நீங்க சும்மா இருங்க்கா. அது வாயில இருந்து வரோணும்” என்றார்.

புழக்கடையிலிருந்து அப்பா வந்தார். என்னைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். அம்மாவைத்தான் அதிக நேரம் பார்த்தார்.

“வாங்க மாமா” என்று சொல்லிவிட்டேன்.

வலது கால்.

ராத்திரி ரொம்பப் புழுக்கமாக இருந்தது. நான் ஃபேனை ஐந்தில் வைத்துவிட்டுத் தலையணையைக் காதோடு அழுத்திப் படுத்துக்கொண்டேன். புழுக்கத்துக்காகத்தான்.

மே 4

அம்மாவுக்கு இடது காது சரியாகக் கேட்கவில்லை. கிரைண்டர் சத்தத்தில் அடைத்துக்கொண்டது என்கிறாள். நேற்று கிரைண்டர் போடவில்லை.

மே 6

வண்டி கிளம்பியது. அப்பாவும் மாமாவும் அனந்தப்பூர் பக்கம் போகிறார்கள். வியாழக்கிழமை, 21ஆம் தேதி இரவு திரும்பிவிடுவார்கள், மறுநாள் உப்புச் சக்கரை. போகும்போது மாமா என்னிடம், நன்றாகச் சாப்பிடு, எப்போதும் போனையே பார்த்துக்கொண்டு இருக்காதே, என்ன பார்க்கிறாய் என்று எனக்கு எல்லாம் தெரியும் என்று விளையாட்டாகச் சொன்னார்.

விளையாட்டாகத்தான் சொன்னார் என்று நினைக்கிறேன். போன் அவர் வாங்கிக் கொடுத்தது.

மே 8

ருத்ரனைக் கொன்றுவிட்டேன்.

அத்தியாயத்தில் ஆதிரை விடியும்வரை கதவைத் திறக்கவில்லை. சூரியன் வந்தது. அவன் வாசலிலேயே பாறைத்தூளாக உதிர்ந்து போனான். எழுதி முடித்ததும் பதிவேற்றிவிட்டுப் படுத்தேன். நன்றாகத் தூங்கினேன்.

காலையில் பார்த்தால் ஒரே திட்டு. ‘உனக்கெல்லாம் எழுத்தாளர் என்று பேர்.’ ‘அவன் என்ன தப்புப் பண்ணினான்? தொட்டானா, திட்டினானா? காத்திருந்தான், அவ்வளவுதானே.’ ‘ஆதிரைக்குத் திமிர்.’ ஒருவர், பெரியவர் போலிருக்கிறது, பொறுமையாக எழுதியிருந்தார்: ‘பையன் நல்லவன். வெளி ஆளும் இல்லை. பெண்ணுக்கு வேறு என்ன வேண்டும்?’

அப்பாவும் இதே வார்த்தைகளைத்தான் சொன்னார். வேறு என்ன வேண்டும்.

அறுபது எழுபது பேர் விலகிவிட்டார்கள். மதியத்துக்குள் அந்த அத்தியாயத்தை எடுத்துவிட்டேன். ருத்ரன் சாகவில்லை, அது ஆதிரை கண்ட கனவு என்று மாற்றிப் போட்டேன். உடனே எல்லோரும் திரும்பி வந்து இதயம் போட்டார்கள்.

என்னால் கதையில்கூட அவனைச் சாகடிக்க முடியவில்லை.

மே 10

பயமாக இருக்கிறது. உண்மையாகவே.

பவளமல்லி மறுபடி எழுதியிருக்கிறார். ‘கனவு என்று மாற்றியது பிடிக்கவில்லை. முன்பு எழுதியதுதான் சரி. இன்னொன்று, அவன் மேலே வருகிற வாடையை நீ எழுதவே இல்லை. பாறைத்தூளில் தண்ணீர் பட்டதும் ஒரு வாடை வரும். அது துணி துவைக்கிற கல்லை விட்டுப் போகவே போகாது. அதை எழுது.’

அந்த வாடை எனக்குத் தெரியும். ரிக் வண்டிக்குப் போகிற வீட்டு ஆளுக்குத்தான் தெரியும். கதையில் ரிக் வண்டி வரவே இல்லை. கைவிட்ட போர்க்குழி, பாறைத்தூள் என்று மட்டும்தான் எழுதினேன்.

அப்படியென்றால் இந்தப் பவளமல்லிக்கு நான் யார் என்று தெரியும். பெண் பெயரை வைத்துக்கொண்டு யார் வேண்டுமானாலும் எழுதலாம். என்ன பார்க்கிறாய் என்று எனக்கு எல்லாம் தெரியும் என்று அவர் சொல்லிவிட்டுத்தானே போனார். வண்டியில் உட்கார்ந்துகொண்டு, ராத்திரி பாறை குடைகிற சத்தத்துக்கு நடுவில், என் கதையைப் படித்துச் சிரித்துக்கொண்டிருப்பார்.

பவளமல்லியைத் தடை செய்துவிட்டேன். இனி அந்தப் பெயரில் எதுவும் எழுத முடியாது.

மே 11

காலையில் அம்மா காபி ஆற்றும்போது போனைப் பார்த்தாள். விரலால் மேலும் கீழும் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். பிறகு அதை அரிசி டிரம் மேல் கவிழ்த்து வைத்துவிட்டு அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பால் பொங்கி வழிந்தது. அவள் பாலை ஒருநாளும் பொங்கவிட்டதில்லை.

நான்தான் துடைத்தேன்.

மே 13

மோனலிசா வீட்டுக்கு வந்தாள். எங்கள் வகுப்பு, ஒரே பெஞ்சு. ஈரோட்டில் பதினொன்றாவது சேரப்போகிறாளாம். நீ எங்கே என்று கேட்டாள். பார்க்கலாம் என்றேன்.

பிறகு போனை எடுத்து எனக்கே என் கதையைக் காட்டினாள். எழுதுவது நான் என்று அவளுக்குத் தெரியாது. “படிச்சுப் பாரு புள்ள. இப்படி ஒருத்தன் நமக்காக வாசல்ல நின்னா எப்படி இருக்கும்னு நெனச்சுப் பாரேன்” என்றாள்.

நினைத்துப் பார்த்தேன்.

அவள் போகும்போது அம்மா அவளை அடுப்படிக்குக் கூப்பிட்டு ரொம்ப நேரம் ஏதோ கேட்டுக்கொண்டிருந்தாள். ஈரோட்டில் விடுதி இருக்கிறதா, என்னென்ன சான்றிதழ் கேட்கிறார்கள் என்று கேட்டாளாம். சும்மா விசாரித்தாள் என்று மோனா சொன்னாள்.

மே 15

பழைய பேப்பர்காரர் வந்தார். என் புத்தகம், நோட்டு எல்லாவற்றையும் கட்டி எடுத்துக்கொண்டு வா என்று அம்மா சொன்னாள். கட்டிக் கொண்டுவந்தேன். இந்த நோட்டு பிட்டுகளுக்குப் பின்னால் இருந்ததால் தப்பித்தது.

தராசில் வைக்கும்போது கட்டைப் பிரித்து சமூக அறிவியல் புத்தகத்தை மட்டும் உருவி எடுத்தாள். அதன் பின்அட்டையைப் பார்த்தாள். உள்ளே கொண்டுபோய் அரிசி டிரம்முக்குள் வைத்தாள். கேட்டதற்கு, அரிசி அளக்க மறைப்பு வேண்டும் என்றாள். எனக்குப் புரியவில்லை. புரிந்துகொள்ளவும் தோன்றவில்லை, இன்னும் ஒரே வாரம்தான் இருக்கிறது.

மே 16

பவளமல்லி வேறு கணக்கில் வந்துவிட்டார். ‘பவளமல்லி மறுபடியும்’ என்று பெயர்.

‘என்னைத் துரத்திவிட்டாய். பரவாயில்லை. ஒன்று மட்டும் கேட்கிறேன். ஆதிரை பள்ளிக்கூடம் போகிற பெண் என்று எழுதினாய். அவள் பாடப்புத்தகத்தின் பின்அட்டையில் ஒரு போன் நம்பர் இருக்கும். பிள்ளைகளுக்கு ஆபத்து என்றால் கூப்பிட வேண்டிய நம்பர். இத்தனை அத்தியாயத்தில் அவளோ, அவள் அம்மாவோ அதைத் திருப்பிப் பார்த்ததே இல்லையா?’

அதன் கீழே வவ்வால் ராணி: ‘ஆன்ட்டி, ரத்தக்காட்டேரியைப் பிடிக்க அரசாங்கத்துக்கு போன் பண்ணணுமா?’ இன்னொருவர்: ‘கொஞ்சமாவது நம்புகிற மாதிரி சொல்லுங்கள்.’ இருநூறு பேர் சிரித்திருந்தார்கள்.

நான் சிரிக்கவில்லை. அந்தக் கணக்கைத் தடை செய்யவும் இல்லை. திரும்பத் திரும்பப் படித்தேன். மாமாவாக இருந்தால் இதை ஏன் எழுத வேண்டும்?

பாதி ராத்திரியில் எழுந்து அடுப்படிக்குப் போனேன். அரிசி டிரம்மின் மூடியைத் தொட்டேன். திறக்கத் தைரியம் வரவில்லை. அது நான் நினைக்கிறதாக இல்லாமல் போய்விட்டால் என்ன செய்வது.

மே 18

அம்மா ஒன்பதரை டவுன் பஸ்ஸில் போனாள். ரேஷன் கடை என்றாள். ரேஷன் கார்டு சாமி படத்துக்குப் பின்னாலேயே இருந்தது. சாயங்காலம்தான் வந்தாள். முகம் கழுவிவிட்டு ரசம் வைத்தாள்.

மே 20

ரிசல்ட் வந்தது. நானூற்று அறுபத்தொன்று.

அப்பாவுக்குப் போன் செய்தேன். சரி, அம்மாவிடம் கொடு என்றார். நாளைக்கு இருட்டுவதற்குள் வீட்டை மெழுகி வை, வெள்ளிக்கிழமை காலையில் ஆட்கள் வருவார்கள் என்று அவளிடம் சொன்னார். வலது காதில் வைத்துக் கேட்டுக்கொண்டாள்.

போனை வைத்ததும் என்னைப் பார்த்து, “பதினொண்ணாவதுல எந்த குரூப்பு எடுக்கறே?” என்றாள்.

நான் எழுந்து போய் அரிசி டிரம்மைத் திறந்தேன். சமூக அறிவியல் புத்தகம் இருந்தது. அதற்குள் என் பிறப்புச் சான்றிதழ், ஆதார், பள்ளிக்கூடத்திலிருந்து வாங்கி வந்த படிப்புச் சான்றிதழ். பின்அட்டை நம்பரைச் சுற்றி மஞ்சள் கையால் வளைத்த கறை.

“பவளமல்லி” என்றேன்.

அம்மா தலையைக் குனிந்துகொண்டாள், தப்புச் செய்து மாட்டிக்கொண்ட பிள்ளை மாதிரி. ஜிமெயில் ஒன்றுதான் என்பதால் என் கதைக்கு வருகிற ஒவ்வொரு கருத்தும் அவள் போனிலும் வந்துகொண்டே இருந்திருக்கிறது. முதல் அத்தியாயத்திலிருந்து. நாலாயிரம் பேரும் எனக்குச் சொல்வதற்கு முன்னால் அவளுக்குச் சொல்லியிருக்கிறார்கள். என்னிடம் நேரில் கேட்டிருக்கலாமே என்றேன். அப்பா வீட்டில் இருந்தால் சுவருக்கும் காது, இல்லாவிட்டால் எனக்கு வாய் வராது, எழுதும்போதுதான் கை வருகிறது என்றாள். அவள் ஒன்பதாவதோடு நின்றவள். பதினேழு வயதில் கல்யாணம். அவளையும் யாரும் கேட்கவில்லை.

“கதையில அந்தம்மா ஒரு வார்த்த கூடப் பேச மாட்டீங்கறா” என்றாள். “எல்லாரும் அந்தப் பையனப் பத்தியே சொல்றாங்க. அந்தப் புள்ளையோட அம்மா எங்க போய்ட்டான்னு ஒருத்தராச்சும் கேக்கறாங்களான்னு பாத்தேன். கேக்கல. அதான் நானே கேட்டேன் கண்ணு.”

அந்த நம்பருக்குத் திருச்செங்கோட்டிலிருந்து பேசியிருக்கிறாள். குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகத்துக்கு நேரிலும் போய் எழுதிக் கொடுத்திருக்கிறாள். வெள்ளிக்கிழமை காலை, உப்புச் சக்கரை மாற்றுவதற்கு முன்பே வந்துவிடுவோம் என்று ஒரு மேடம் சொல்லியிருக்கிறார். முன்கூட்டியே வெளியே தெரிந்தால் என்னை வேறு ஊருக்குக் கொண்டுபோய்விடுவார்கள், அதனால் அதுவரை யாருக்கும் தெரியக் கூடாது.

வெள்ளிக்கிழமை காலை சரி. வியாழக்கிழமை ராத்திரி?

அம்மாவிடம் அதைக் கேட்டேன். அடுப்பைப் பார்த்தாள். இந்த முறை அவள் என்ன பார்க்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது.

மே 21

மாலையில் அப்பா போன் செய்தார். சேலம் தாண்டிவிட்டார்களாம். நேராக இங்கேதான் வருகிறார்களாம். முறைப்படி நாளைக்குத்தான், ஆனாலும் நகையும் புடவையும் இன்றைக்கே வீட்டுக்குள் வந்துவிட வேண்டும், பாப்பா கையாலேயே வாங்கி வைக்க வேண்டும் என்று மாமா ஆசைப்படுகிறாராம். விடியற்காலையில் கிளம்பி எல்லோரும் குலதெய்வம் கோயிலுக்குப் போய்விடலாம், அங்கேயே உப்புச் சக்கரை மாற்றிவிடலாம் என்றும் சொன்னார்.

கோயில் எங்கே இருக்கிறது என்று அந்த மேடத்துக்குத் தெரியாது. அம்மா உடனே அவருக்குப் போன் செய்தாள். எடுத்தார். வண்டிக்குச் சொல்கிறேன், போலீசையும் கூட்டிக்கொண்டுதான் வர வேண்டும், எவ்வளவு சீக்கிரம் முடியுமோ வருகிறோம், அதுவரை பெண்ணை வீட்டை விட்டு வெளியே அனுப்பாதீர்கள், யாரையும் உள்ளே விடாதீர்கள் என்றார்.

யாரையும் உள்ளே விடாதீர்கள். என் கதையைப் படித்தவர் மாதிரியே சொன்னார்.

இருட்டியதும் முன்கதவைத் தாழ் போட்டோம். புழக்கடைக் கதவுக்குக் குறுக்கே கட்டிலைப் போட்டோம். பிறகு அம்மா என் அறைக்கு வந்து பிட்டுகளைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்து, ஒவ்வொன்றாகத் தரையில் உருட்டிக்கொண்டு போய், முன்கதவுக்கு முட்டுக் கொடுத்தோம். அம்மாவின் கைவிரல் ஒன்று நசுங்கியது. ரத்தம் வந்தது. வாயில் வைத்துக்கொண்டாள். இப்போது பல் பல்லான இரும்பு முகங்கள் எல்லாம் கதவைப் பார்த்துக்கொண்டிருக்கின்றன.

விளக்கை அணைத்துவிட்டோம். போன் வெளிச்சத்தில் எழுதுகிறேன். அதற்கு முன் ஓர் அத்தியாயம் போட்டேன், மிகச் சின்னது. அதில் ஆதிரையின் அம்மா முதல்முறையாகப் பேசுகிறாள். மகளிடம்தான் பேசுகிறாள். “யார் நின்னாலும் வாங்கன்னு சொல்லாத சாமி, பாவமெல்லாம் எனக்கு வரட்டும்.” அம்மா ஒரு மணி நேரம் முன்பு என்னிடம் சொன்ன அதே வார்த்தைகள். நான் எதையும் சேர்க்கவில்லை.

கருத்துகள் வரத் தொடங்கிவிட்டன. ‘மொக்கை.’ ‘ருத்ரன் வரவே இல்லையே, இது எதற்கு ஒரு அத்தியாயம்?’ ‘அம்மா கேரக்டர் தேவையில்லாத இழுவை.’ ஒன்றே ஒன்று மட்டும், யாரோ ‘தேன்சிட்டு’ என்பவர், இதற்கு முன் எழுதியதே இல்லை: ‘படித்தபோது பயமாக இருந்தது. நீங்கள் நன்றாக இருக்கிறீர்களா?’

அம்மாவிடம் காட்டினேன். ரொம்ப நேரம் அதையே பார்த்தாள். இதற்கு நீயே பதில் போடு என்றாள். என்ன எழுதுவது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது தெருமுனையில் வண்டிச் சத்தம் கேட்டது. ரிக் லாரி திரும்பும்போது எங்கள் வீட்டு ஜன்னல் கண்ணாடி அதிரும். இப்போது அதிர்ந்தது. அந்த மேடம் வருகிற வண்டி இவ்வளவு கனமாக இருக்காது.

இன்ஜின் நின்றுவிட்டது.

செருப்புச் சத்தம், இரண்டு பேர். ஒருவர் அப்பா. இருமுகிறார்.

மூன்று தட்டு, மோதிரம் படுகிற சத்தம். அப்பா அம்மாவின் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார். மாமா அவரைத் தடுப்பது கேட்கிறது. “சும்மா இருங்க மச்சான், தூங்கியிருக்கும். பாப்பா கூப்புடட்டும், நான் நிக்கறேன்.” குரலில் சிரிப்பு இருக்கிறது.

நான் அம்மாவைப் பார்க்கிறேன். அவள் என் வாயைப் பொத்துவாள் என்று நினைத்தேன். பொத்தவில்லை. நசுங்கிய கையால் தன் வாயை அழுத்திப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். இத்தனை வருடப் பழக்கம், வாசலில் ஆள் நின்றால் ‘வாங்க’ அவளை அறியாமலே வந்துவிடும். விரல் இடுக்கில் ரத்தம்

மறுபடியும் தட்டு